தனக்கு மிஞ்சியா தானம்?

"தனக்கு மிஞ்சித் தானம்" என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகின்றது. கேட்பதற்கு அது நியாயமாகவே தோன்றும். தன் அடுப்பு எரிந்த பின்னர் அயலான் அடுப்பைப் பார். தன் பிள்ளை உண்ட பின்னர் ஊரார் பிள்ளையை நினை என்பது அதன் கருத்து. ஆயினும், இப்பழமொழியைக் கையிற் பிடித்துக்கொண்டே வாழ்நாள் முழுவதும் ஒன்றும் கொடாமற் காலங் கழித்தோர் பலரை நாம் அறிவோம். ஏனெனில், "இனி எனக்குப் போதும், மிஞ்சியதைக் கொடுப்பேன்" என்று மனம் ஒப்பிக் கூறும் நாள் எவருக்கும் எளிதில் வருவதில்லை. வயல் விளைந்தால் வீடு கட்ட வேண்டும். வீடு முடிந்தால் மகளுக்குச் சீதனம் சேர்க்க வேண்டும். அதுவும் முடிந்தால் முதுமைக்கு ஏதேனும் முடிந்து வைக்க வேண்டும். தேவை முன்னே நடக்க, மிச்சம் பின்னே நின்றுவிடுகின்றது.

இப்பழமொழியை வாயால் மறுக்காமல் வாழ்க்கையால் மறுத்த மூதாட்டி ஒருவரைப் பற்றி இவ்வாரம் எழுத விழைகின்றேன். குடும்பம், கலை, பொதுத்தொண்டு ஆகிய மூன்றையும் ஒருங்கே பேணியவர் அவர். அவருடைய குரலை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. விடியற்காலையிற் கோயில் ஒலிபெருக்கியில் வேங்கடேச சுப்பிரபாதம் எழும்போது, வாவியின் இருகரையிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கண் விழிப்போர் கேட்பது அந்தக் குரலையே. ஆம், எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரையே குறிப்பிடுகின்றேன். அவருடைய இசையின் மேன்மையைப் பற்றி எழுதுவதற்கு இசை வல்லுநர் பலர் உளர். அந்த இசையினால் வந்த பொருள் எங்கே போயிற்று என்பதே என் கட்டுரைப் பொருள். மாணவர்கள் இதனைச் சற்றுக் கூர்ந்து படித்தல் வேண்டும்.

சுப்புலட்சுமி 1916ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 16ஆந் திகதி மதுரை மாநகரிலே பிறந்தார். மதுரை என்றவுடன் மட்டக்களப்பு மக்களாகிய நமக்கு நினைவில் வருவது கண்ணகி வழக்குரைத்த கதையன்றோ? வைகாசி மாதத்திலே நம் கண்ணகி அம்மன் கோயில்களிற் சடங்கு நடக்கும்போது வழக்குரை படிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த மதுரையிலே, மீனாட்சியம்மன் கோயிலுக்கு அண்மையில், பெண்கள் வாழ்ந்த ஓர் இசை இல்லத்திலே இக்குழந்தை பிறந்தது. தாயார் சண்முகவடிவு அம்மையார் வீணை வாசிப்பவர். பாட்டியார் அக்கம்மாள் வயலின் வாசித்தவர். வீட்டிலே குழந்தையை அழைத்த செல்லப் பெயர் குஞ்சம்மா.

"எம். எஸ்." என்னும் இரண்டெழுத்துகளின் விரிவை மாணவர் பலர் அறியார். "எம்" என்பது மதுரை. "எஸ்" என்பது சண்முகவடிவு. அஃதாவது, தாய் பிறப்பித்த ஊரும் தாயின் பெயருமே அவருடைய முதலெழுத்துகள். உலகம் முழுவதும் புகழ் பரவிய பின்னரும், நாட்டின் அதியுயர்ந்த விருதைப் பெற்ற நாளிலும், அவர் அந்த எழுத்துகளை மாற்றிக் கொள்ளவில்லை. தேவதாசி மரபில் வந்த குடும்பங்களைச் சமூகம் இழிவாக நோக்கிய காலம் அது. அத்தகைய காலத்திலே தாயின் பெயரை மறைக்காமல் முன்னே நிறுத்தி வாழ்வதற்கு மனத்திண்மை வேண்டும்.

பிற இடங்களில் இது வியப்பாகத் தோன்றலாம். நம் பகுதியாருக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மட்டக்களப்பு நாட்டிலே குடி என்பது தாய்வழி வருவது. பிள்ளை என்ன குடி என்று கேட்டால், தாயின் குடியையே சொல்வர். கோயிலில் உரிமையும் முறையும் குடிவழியே அமைகின்றன. மகளுக்கு விவாகம் நடக்கும்போது வீடும் வளவும் அவள் பெயருக்குச் செல்ல, மருமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்கின்றான். தாம் வியர்வை சிந்திக் கட்டிய வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு, அதே வளவின் ஒரு மூலையிலோ வேறிடத்திலோ சிறு வீடமைத்துக் குடியேறும் பெற்றோரை இன்றும் காணலாம். "தனக்கு மிஞ்சிய" வீட்டை அவர்கள் கொடுக்கவில்லை. தாம் இருந்த வீட்டையே கொடுத்தார்கள். இவ்வழக்கத்தை நாம் தானம் என்று அழைப்பதில்லை. குடும்பக் கடமை என்று சொல்லி அமைந்துவிடுகின்றோம். ஆனால் கொடுத்தற் பண்பு பழகும் முதற்பள்ளி அதுவே என்பது என் எண்ணம்.

மதுரைச் சிறுமியின் கதைக்குத் திரும்புவோம். பத்து வயதளவிலேயே அவருடைய பாட்டு இசைத்தட்டிற் பதிவாயிற்று. தாயார் வீணை வாசிக்க மகள் பாடினாள். அந்நாளிலே கச்சேரி மேடை ஆடவருக்கே உரியதாகக் கருதப்பட்டது. பெண் பாடினால் பக்கவாத்தியம் வாசிக்க மறுத்த வித்துவான்களும் இருந்தனர். இருபது வயதை எட்டும் பருவத்தில், 1936ஆம் ஆண்டில், சுப்புலட்சுமி தாயாரின் வீட்டை விட்டுத் தம் முடிவாகவே சென்னைக்குச் சென்றார். இச்செய்தியை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் அதன் பயன் விளங்கும்.

சென்னையிலே தேசபக்தரும் பத்திரிகைத் துறையிற் பணிபுரிந்தவருமான தி. சதாசிவம் அவர்களின் அறிமுகம் கிடைத்தது. 1940ஆம் ஆண்டில் இருவரும் மணம் புரிந்தனர். சதாசிவம் முதல் மனைவியை இழந்தவர். ராதா, விஜயா என்னும் இரு பெண் குழந்தைகளின் தந்தை. சுப்புலட்சுமிக்குத் தம் வயிற்றிற் பிறந்த பிள்ளைகள் இல்லை. அவ்விருவரையுமே தம் மக்களாகக் கொண்டு வளர்த்தார். மூத்தவரான ராதா வளர்ந்து, பல்லாண்டுகளாக மேடையிலே தாயின் அருகமர்ந்து பாடினார். சிற்றன்னை என்னும் சொல்லுக்கு நம் கதைகளும் கூத்துகளும் கொடுத்து வைத்திருக்கும் கொடிய பொருளை எண்ணிப் பாருங்கள். அச்சொல்லின் கறையைத் துடைத்த பெண்மணி இவர். இசையை வீட்டுக்கு வெளியே வைத்துப் பூட்டாமல், வளர்த்த மகளுக்கே அதனைப் பங்கிட்டுக் கொடுத்தார்.

அவர் நடித்த திரைப்படங்கள் ஐந்துக்கு மேற்படா. 1938இல் வெளிவந்த "சேவாசதனம்", பிரேம்சந்தின் நாவலைத் தழுவி, முதியவனுக்கு மணஞ் செய்யப்பட்ட இளம் பெண்ணின் துயரைச் சொல்லிய படம். 1940இல் "சகுந்தலை" வந்தது. 1941இல் வந்த "சாவித்திரி" என்னும் படத்தில் அவர் ஏற்ற வேடம் நாரதர் வேடம்! ஆண் வேடம் புனைந்து அவர் நடித்தமைக்குக் காரணம் உண்டு. கல்கி கிருஷ்ணமூர்த்தியும் சதாசிவமும் சேர்ந்து "கல்கி" என்னும் வார இதழைத் தொடங்கும் வேளை அது. இதழுக்கு முதல் வேண்டியிருந்தது. படத்திற் கிடைத்த ஊதியம் அந்த முதலாயிற்று. "பொன்னியின் செல்வன்" தொடரை வாரந்தோறும் காத்திருந்து வாசித்த பல்லாயிரம் குடும்பங்கள், அந்த இதழ் ஒரு பெண்ணின் உழைப்பினால் எழுந்தது என்பதை நினைத்திருக்குமோ, அறியேன். 1945இல் "மீரா" வெளிவந்தது; 1947இல் அதன் இந்தி வடிவம் வந்தது. புகழின் உச்சியில் நின்ற அந்நேரத்திலேயே அவர் திரையை விட்டு நீங்கிவிட்டார்.

இனி, தானத்தின் கதைக்கு வருவோம். 1944ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே கஸ்தூரிபா காந்தி சிறையில் இருந்தபடியே காலமானார். அவர் பெயரால் நினைவு நிதி ஒன்று திரட்டப்பட்டது. அந்நிதிக்காகச் சுப்புலட்சுமி பல கச்சேரிகளைச் செய்து கொடுத்தார். அதன் பின்னர் அது அவருடைய வாழ்க்கை முறையாகவே ஆகிவிட்டது. மருத்துவமனை கட்டுகின்றார்களா? பாடசாலைக்குக் கட்டடம் வேண்டுமா? கோயிற் றிருப்பணியா? அறிஞர் ஒருவருக்கு நினைவு மண்டபமா? அதற்கென ஒரு கச்சேரி.

இத்தகைய நிதியுதவிக் கச்சேரியின் இயல்பை மாணவர் அறிதல் நன்று. செல்வர் ஒருவர் காசோலை எழுதிக் கொடுப்பதைப் போன்றதன்று இது. நுழைவுச்சீட்டு விற்று வரும் தொகை அந்தப் பணிக்குச் செல்லும். பாடுபவர் தம் கூலியை வேண்டாமென்று விடுவார். கூலியை விடுவதோடு அவர் கடமை முடிவதுமில்லை. பயணக் களைப்பு, தொண்டைக்கு வரும் நோவு, இரண்டரை மூன்று மணி நேரம் அசையாது அமர்ந்து பாடும் உழைப்பு ஆகிய அனைத்தும் அவரைச் சேர்ந்தவை. கூலி பெறும் கச்சேரிக்கும் பெறாத கச்சேரிக்கும் பாட்டின் தரத்தில் வேறுபாடு காட்டவும் இயலாது. அன்றன்று உழைப்பவன் ஒரு நாட் கூலியை விடுவதற்கும் செல்வன் மிஞ்சிய பணத்தைக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, வயலில் வேலை செய்யும் நம் மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இசைத்தட்டுகளின் வருமானமும் இவ்வழியே சென்றது. 1963ஆம் ஆண்டில் வெளிவந்த வேங்கடேச சுப்பிரபாதம் இசைத்தட்டின் உரிமைப் பணம் திருப்பதி தேவத்தானத்தின் வேத பாடசாலைக்கு உரியதாக்கப்பட்டது. எத்தனை ஆண்டுகள், எத்தனை ஆயிரம் வீடுகளில், எத்தனை கோயில்களில் அத்தட்டுச் சுழன்றது! ஒலிநாடா வந்தபோது அதில் ஏறிற்று. குறுந்தட்டு வந்தபோது அதிலும் ஏறிற்று. இன்று கைபேசியிலும் ஒலிக்கின்றது. பெருஞ் செல்வத்தைத் தந்திருக்கக்கூடிய அந்த ஊற்றைத் தோன்றிய இடத்திலேயே பிறர்பக்கம் திருப்பி விட்டார்.

1974ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டின் மக்சேசே விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவ்விருதில் எழுத்துக்கும் பத்திரிகைக்கும் படைப்புக் கலைக்கும் உரிய பிரிவு ஒன்று இருந்தது. ஆயினும் அவருக்கு வழங்கப்பட்டது பொதுச்சேவைக்கான விருது. நான்கு பதிற்றாண்டுகளாக எண்ணற்ற பொதுப் பணிகளுக்கு அவர் அளித்த உதவியைக் காரணமாகக் காட்டினர். பாடகி ஒருவரைப் பொதுத்தொண்டர் என்று உலகு ஏற்றுக்கொண்ட நாள் அது. 1968இல் சென்னைச் சங்கீத வித்துவ சபை "சங்கீத கலாநிதி" என்னும் பட்டத்தை அவருக்கு வழங்கியபோது, அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணியாக அவர் விளங்கினார். 1998இல் இந்திய அரசின் "பாரத ரத்னா" விருதைப் பெற்றபோது, அவ்விருது பெற்ற முதல் இசைக்கலைஞரும் அவரே.

கொடுத்தவர்கள் எல்லாரும் கொழித்து வாழ்வர் என்று கதை முடித்தால் அது பிள்ளைக்கதை. உண்மை அவ்வாறன்று. சென்னைக் கீழ்ப்பாக்கத்திலே "கல்கி கார்டன்ஸ்" என்னும் விசாலமான வீட்டில், விருந்தினர் ஓயாது வந்துபோக வாழ்ந்த குடும்பம் அது. பின்னாளிலே பொருள் நெருக்கடி வந்தது. அவ்வீட்டை விட்டு நீங்கி, அளவான வீட்டிலே வாழ நேர்ந்தது. கொடுத்த கைக்கு முட்டுப்பாடு வந்ததை அறிந்த பெரியோர், தானமாக எதையும் கொடுத்தால் அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்பதனையும் அறிந்திருந்தனர். ஆகவே திருப்பதி தேவத்தானம் அவருக்கு ஒரு வேலை கொடுத்தது: அன்னமாசாரியாரின் கீர்த்தனைகள் உள்ளிட்ட பாடல்களைப் பாடி, ஐந்து இசைத்தட்டுகளாக ஆக்கித் தருதல்.

இந்த இடத்தில் மாணவர்கள் நின்று சிந்திக்க வேண்டும். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஐக்கிய நாடுகள் சபையிற் பாடியவர். பட்டங்கள் அனைத்தும் பெற்றவர். முன்னமே பாடிப் பழகிய பாட்டுகளைத் திரும்பப் பாடி முடித்திருந்தாலும் எவரும் குறை கூறார். ஆனால் அவரோ, தமக்குப் புதியனவான தெலுங்குக் கீர்த்தனைகளை, சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டு, உச்சரிப்பைத் திருத்தி, சிறு பிள்ளை பாடங் கற்பதுபோலக் கற்றார். அதன் பின்னரே பதிவுக்கு அமர்ந்தார். வந்த பொருள் உதவியாக வந்ததேயாயினும், அதை உழைப்பின் விலையாக மாற்றிக்கொண்டார். கொடுப்பதில் மட்டுமன்று, கொள்வதிலும் மானம் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கற்பதில் அவருக்கிருந்த இந்தச் சிரத்தை முன்னரும் வெளிப்பட்டதே. 1947ஆம் ஆண்டில், காந்தியடிகளின் பிறந்தநாளுக்கு மீராவின் பஜனைப் பாடல் ஒன்றைப் பாடி அனுப்புமாறு செய்தி வந்தது. அப்பாடலைத் தாம் பாடிப் பழகவில்லை என்றும், வேறொருவர் பாடலாம் என்றும் அவர்கள் பணிவோடு தெரிவித்தனர். பிறர் பாடுவதைவிடச் சுப்புலட்சுமி அதை வெறுமனே படிப்பதையே கேட்க விரும்புவதாகக் காந்தியடிகள் மறுமொழி அனுப்பினாராம். உடனே இசையமைத்து, இரவோடிரவாகக் கற்று, பாடிப் பதிவு செய்து, விமானத்தில் டெல்லிக்கு அனுப்பினர். 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 23ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மண்டபத்திலே பாடியபோது, காஞ்சிப் பெரியவர் இயற்றிய வடமொழிப் பாடலோடு, இராஜாஜி ஆங்கிலத்தில் எழுதிய பிரார்த்தனைப் பாடலையும் பாடினார். பள்ளிப் படிப்பு மிகுதியாகப் பெறாத அவர், அந்த ஆங்கிலச் சொற்களையும் ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டே மேடை ஏறினார்.

இவற்றையெல்லாம் சென்ற தவணையில் வகுப்பிலே சொல்லிக்கொண்டிருந்தபோது, உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "சேர், அவ்வளவையும் கொடுத்தவர் அவரா, அவருடைய கணவரா?" வகுப்பிற் சிலர் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. அது சிரித்துத் தள்ளும் கேள்வியன்று. எந்தக் கச்சேரியை ஒப்புக்கொள்வது, எந்தப் பாட்டைப் பாடுவது, வந்த பணத்தை எதற்குக் கொடுப்பது ஆகிய அனைத்தையும் தீர்மானித்தவர் சதாசிவம் அவர்களே என்பது எல்லாரும் அறிந்த செய்தி. முன்வரிசையில் அமர்ந்து கச்சேரியை நடத்தியவரும் அவரே. அவ்வாறாயின், மனைவியின் கொடையென்று இதை எங்ஙனம் சொல்வது?

நேர்மையாகச் சிந்தித்தால் இருபுறமும் நியாயம் இருக்கின்றது. கணவரின் ஒழுங்கும் திட்டமும் இல்லாதிருந்தால் அந்தக் குரல் அவ்வளவு தூரம் சென்றிராது என்று அம்மையாரே நன்றியோடு கருதி வாழ்ந்தார். மறுபுறத்தில், கொடுக்கப்பட்ட ஒவ்வொரு காசும் அவருடைய தொண்டையிலிருந்து பிறந்த காசு. கையெழுத்து யாருடையதாயினும் உழைப்பு அவருடையது. இன்னொன்றையும் எண்ண வேண்டும். இருபது வயதளவிலே தம் முடிவாகத் தாய்வீட்டை விட்டு வெளியேறத் துணிந்த பெண் அவர். முடிவெடுக்கத் தெரியாத பேதையல்லர். அப்படிப்பட்டவர் கொடுத்ததை எண்ணி வருந்தாமல் வாழ்ந்தார் என்றால், அக்கொடைக்கு அவருடைய நெஞ்சமும் உடன்பட்டது என்றே நான் கொள்கின்றேன்.

ஆயினும் அந்த மாணவிக்கு நான் சொன்ன விடை இதனோடு முடியவில்லை. அம்மையாரின் ஈகையைப் பின்பற்று. ஆனால் உன் உழைப்பின் கணக்கை நீயே எழுதக் கற்றுக்கொள் என்று சொன்னேன். பெண்ணின் கலைக்கும் வருமானத்துக்கும் வேறொருவர் கையெழுத்து வேண்டும் என்பது அக்காலத்து நிலை. அதனை எக்காலத்துக்கும் உரிய இலட்சணமாகப் போற்ற வேண்டியதில்லை. தன் கையால் எண்ணி, தன் மனத்தால் துணிந்து கொடுக்கும் கொடை இன்னும் ஒரு படி உயர்ந்ததன்றோ? தாய்வழிச் சொத்துரிமை வழங்கும் நம் மண்ணிலே பிறந்த பெண்ணுக்கு இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் ஏற்படவில்லை. அவள் தலையசைத்து அமர்ந்தாள். முற்றும் ஒப்புக்கொண்டாளோ இல்லையோ, அறியேன். அந்தக் கேள்வியை அவள் தன்னோடு வைத்திருப்பது நல்லதே.

1997ஆம் ஆண்டில் சதாசிவம் காலமானார். அதன் பின்னர் அம்மையார் பொதுமேடையிற் பாடவில்லை. ஏழாண்டுகள் அமைதியாக வாழ்ந்து, 2004ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 11ஆந் திகதி, தம் எண்பத்தெட்டாவது வயதிற் சென்னையிலே மறைந்தார்.

அந்த டிசெம்பர் மாதத்தை நம் கரையோரத்தார் மறக்க இயலாது. அம்மையார் மறைந்து பதினைந்தாம் நாள், 26ஆந் திகதி, கடல் பொங்கி எழுந்தது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையூர்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலே வாழும் நமக்கு ஓடுவதற்கு இடமும் குறைவு. பாடசாலைகளும் கோயில்களும் புகலிடங்களாயின. அந்நாட்களிலே பெரும் பானைகளிற் சோறாக்கியவர் யார்? அழுத பிள்ளைகளை மடியிலிட்டுத் தாலாட்டியவர் யார்? அவர்களிற் பலர், தம் வீட்டையும் உறவையும் இழந்து அதே புகலிடத்துக்கு வந்து சேர்ந்த ஆச்சிமாரும் அம்மம்மாமாருமே. ஒன்றும் மிஞ்சாத கையோடு நின்றவர்கள் கொடுத்தார்கள். உலைநீர் கொதிக்க வைக்கவும் பிள்ளையைத் தாலாட்டவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதைக் கொடுத்தார்கள்.

ஆதலால், எம். எஸ். அம்மையாரைப் போன்றோர் எட்டாத உயரத்தில் இருப்பவர்கள் என்று எண்ணி வணங்கிவிட்டு நம் வேலையைப் பார்க்கச் செல்வது சரியன்று. குடும்பத்தையும் கலையையும் ஊர்ப்பணியையும் ஒரே கையால் தாங்கிய முதியபெண்கள் நம் ஒவ்வோர் ஊரிலும் உளர். களுவாஞ்சிக்குடியிலும், களுதாவளை, தேற்றாத்தீவு, எருவில், மகிழூர் முதலிய அயலூர்களிலும் தேடிப் பாருங்கள். அம்மன் சடங்கிலே குரவையிடுவோர் அவர்களே. ஊஞ்சற் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் நெஞ்சிலே சுமந்திருப்போர் அவர்களே. பன்பாய் இழைத்து விற்ற காசிலே பேரனுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தோரும் அவர்களே. சாவீட்டிலே முதலிற் சென்று அடுப்பு மூட்டுவோரும், கலியாண வீட்டிலே கடைசியாக உண்போரும் அவர்களே. இவர்களுடைய குரல் எந்த இசைத்தட்டிலும் ஏறவில்லை. விருதுக் குழு எதுவும் அவர்கள் வாயிலுக்கு வந்ததில்லை.

கல்லடியிலே சுவாமி விபுலாநந்தர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் இயங்குகின்றது. அங்கே இசையும் நடனமும் முறையாகப் பயில்வோர் பலர். "யாழ்நூல்" தந்த அடிகளாரின் பெயருக்கு அது தகும். எனினும் வீட்டு முற்றத்துக் கலையைப் பாதுகாக்கும் பொறுப்பை நிறுவனங்களின் மேலேயே சுமத்திவிட முடியாது. அது வீட்டிலிருந்தே தொடங்க வேண்டிய வேலை. முதியவர் ஒருவர் மறையும்போது அவருடன் எத்தனை பாட்டுகள் மறைகின்றன என்பதைக் கணக்கிடுவார் இல்லை. எட்டாம் நாளும் முப்பத்தோராம் நாளும் கடந்த பின்னர்தான், "அம்மம்மா அந்தப் பாட்டை எப்படிப் பாடுவா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றோம். விடை சொல்ல வேண்டியவர் அப்போது இல்லை.

ஆகவே, மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி இவ்வாரக் கட்டுரையை முடிக்கின்றேன். அடுத்த விடுமுறையில் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டு, உங்கள் வீட்டு மூதாட்டியின் அருகே அமருங்கள். அவர் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் ஓய்ந்த வேளையைப் பார்த்து, அவருக்குத் தெரிந்த பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். கைபேசியிற் பதிவு செய்தாலும் நன்று. ஆனால் எழுதவும் வேண்டும். எழுதும்போதுதான் புரியாத சொல்லுக்குப் பொருள் கேட்கத் தோன்றும். அவர் தம் வாழ்நாளில் யாருக்கு என்ன கொடுத்தார் என்பதையும் கேளுங்கள், பெரும்பாலும் "நான் என்னத்தக் குடுத்தன் மனே?" என்றே தொடங்குவார். பொறுத்திருந்து கேட்டால் மெல்ல வெளிவரும். ஒவ்வொரு பாட்டின் கீழும் அவர் அதனை யாரிடம் கற்றார் என்பதையும் மறவாமற் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்திலே பெரும்பாலும் நீங்கள் எழுத நேர்வது அவருடைய தாயின் பெயராகவே இருக்கும்.